என் மகள்களுக்குப் பாகம் பிரிக்காதீர்கள்

போன சனிக்கிழமையிலிருந்து என் நெஞ்சு கொதித்துக்கொண்டிருக்கிறது. ஐந்து நாள் ஆகியும் அடங்கவில்லை. அடங்காது என்று தெரிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு இரண்டு மகள்கள். பெரியவளுக்கு எட்டு வயது. சின்னவளுக்கு ஐந்து, இன்னும் இரண்டு மாதத்தில் ஆறு. எனக்கு மூன்று தோழிகளும் உண்டு. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள், இருபது வருடப் பழக்கம். பெரியவள் பிறந்த இரவு மருத்துவமனை வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து நான் நான்கு நாள் தூங்காமல் இருந்தபோது, ஒருத்தி வந்து என்னைப் படுக்கவைத்துவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அந்த மூவரையும் என் பிள்ளைகள் சித்தி என்றுதான் அழைக்கிறார்கள். முன்பின் தெரியாத யாரோ சொல்லியிருந்தால் காதில் வாங்காமல் போயிருப்பேன். சொன்னது இவர்கள். அதனால்தான் இந்தக் கொதிப்பு.

நடந்தது இதுதான். வீட்டில் ஒரு பழைய டார்ச் விளக்கு இருக்கிறது. பல நாளாக எரியவில்லை. சனிக்கிழமை காலையில் சின்னவள் அதைக் கையில் எடுத்தாள். மூடியைத் திருகிக் கழற்றினாள். உள்ளே இருந்த இரண்டு பேட்டரிகளையும் வெளியே எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். ஒன்றின் முனையில் குமிழ் இருப்பதையும் மறுமுனை தட்டையாக இருப்பதையும் விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளே போட்டாள், எரியவில்லை. ஒன்றைத் திருப்பிப் போட்டாள், எரியவில்லை. மறுபடி எடுத்தாள். முக்கால் மணி நேரம். நான் உதவிக்குப் போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன். கடைசியில் எரிந்தது. அவள் கத்திய கத்தலில் பெரியவள் எழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

மாலையில் தோழிகள் வந்தார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் சின்னவள் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "சித்தி, இது எரியவே இல்லை. நான்தான் எரியவைத்தேன். குமிழ் இந்தப் பக்கம் வர வேண்டும்" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். என் தோழி குனிந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "ஐயோ, இந்தக் கன்னக்குழியைப் பாருங்களேன்! என் அழகு ராணி!" என்றாள்.

அவ்வளவுதான். டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

பெரியவளின் கதை அதற்கு நேர்மாறு. அன்றைக்கு அவள் ஆசை ஆசையாகக் கண்ணாடி முன் நின்று, தானே தலை வாரி, நீல நிற ஊசி ஒன்றைக் காதோரம் செருகியிருந்தாள். நேராக இருக்கிறதா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள். கூடத்துக்கு வந்ததும் இன்னொரு தோழி சிரித்துக்கொண்டே, "என்ன இது, உனக்கு எதற்கு இதெல்லாம்? நீ படிக்கிற பிள்ளை. அலங்காரமெல்லாம் தங்கச்சிக்கு" என்றாள். பெரியவளும் சிரித்தாள். சிறிது நேரம் கழித்துப் பார்த்தேன். ஊசி தலையில் இல்லை. மறுநாள் வீடு கூட்டும்போது சோபாவுக்கு அடியில் கிடந்தது.

பிறகு மூவரும் வசதியாக உட்கார்ந்துகொண்டு வழக்கமான பாட்டைத் தொடங்கினார்கள். "உனக்கென்னடி, கொடுத்துவைத்தவள். ஒன்று அறிவு, ஒன்று அழகு. இரண்டும் வீட்டிலேயே இருக்கிறது." இரண்டு பிள்ளைகளும் அதே அறையில், அதே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் காது இல்லையா?

யார் கொடுத்தது உங்களுக்கு இந்த உரிமை? என் மகள்கள் என்ன நிலமா, வீடா, ஆளுக்கொரு துண்டாகப் பாகம் பிரிப்பதற்கு? அறிவு முழுவதையும் பெரியவள் பெயருக்கு எழுதி, அழகு முழுவதையும் சின்னவள் பெயருக்கு எழுதி, பத்திரத்தையும் முடித்துவிட்டீர்கள். ஒருத்திக்கு ஒன்றைக் கொடுக்கும்போது இன்னொருத்தியிடமிருந்து அதைப் பிடுங்குகிறீர்கள் என்பது ஏன் உங்களுக்குப் புரியவில்லை? ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்து அழகாக இருக்கிறாய் என்றால் அது கொஞ்சல். இரண்டு பேரை வைத்துக்கொண்டு, இவள்தான் அழகு என்று சொன்னால் அது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் தோற்றவள் ஒருத்தி அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று இரவு விளக்கை அணைக்கப் போனபோது சின்னவளிடம், டார்ச்சைச் சரிசெய்தாயே, கெட்டிக்காரி என்றேன். அவள் சர்வ சாதாரணமாகச் சொன்னாள்: "கெட்டிக்காரி அக்காதான் அம்மா. நான் அழகு." அந்தக் குரலில் வருத்தம்கூட இல்லை. தன் வீட்டு முகவரியைச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அந்த இருட்டில் அடிவயிறு கலங்கியது.

ஐந்தே முக்கால் வயது! இந்த வயதைப் பற்றி எனக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். லின் பியான், சாரா-ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2017இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு மிக மிகப் புத்திசாலியான ஒருவரைப் பற்றிக் கதை சொன்னார்கள். அவர் ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. பிறகு ஆண்கள், பெண்களின் படங்களைக் காட்டி, கதையில் வந்தவர் யார் என்று கேட்டார்கள். ஐந்து வயதில் பையன்கள் ஆணைக் காட்டினார்கள், பெண் குழந்தைகள் பெண்ணைக் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதுக்கு வந்ததும் பெண்ணைக் காட்டிய பெண் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள். பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்குவது யார் என்று கேட்டால், அதே பெண் குழந்தைகள் பெண்களையே காட்டினார்கள். பெண்கள் நன்றாகப் படிப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் மேதை என்றால் அது நாமல்ல என்று அதற்குள் மனதில் பதிந்துவிட்டது. மிகப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு இது என்று சொல்லிக் கொடுத்தால், அதில் பையன்களுக்கு இருந்த ஆர்வம் அவர்களுக்கு இல்லை.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்ன வாசலில்தான் என் மகள் இப்போது நிற்கிறாள். உலகம் அவளிடம் சொல்லப்போவதை முந்திக்கொண்டு, என் வீட்டுக் கூடத்தில் என் தோழிகளே சொல்லிவிட்டார்கள். கன்னக்குழியைப் பாராட்டிப் பாராட்டியே அவள் கையில் எரிந்த டார்ச்சை அணைத்துவிட்டார்கள்.

சரி, பெரியவளுக்கு நல்லதுதானே சொன்னோம், அறிவாளி என்பது பாராட்டுத்தானே என்று கேட்காதீர்கள். அவளுடைய கதையையும் கேளுங்கள். போன மாதம் அவளுடைய கணக்குத் தேர்வுத் தாளைக் காணவில்லை. கேட்டபோது இன்னும் கொடுக்கவில்லை என்றாள். ஒரு வாரம் கழித்து, கட்டில் மெத்தைக்கு அடியில் நான்காக மடித்து வைத்திருந்ததைக் கண்டெடுத்தேன். நான்கு கணக்குகள் தவறு, அவ்வளவுதான். அதற்காக இந்த வீட்டில் யாரும் அவளைத் திட்டியதே இல்லை. பின் ஏன் ஒளித்தாய் என்றால் அழுகிறாள். விக்கி விக்கிச் சொன்ன ஒரே வார்த்தை: "சித்தி எல்லாரும் என்ன நினைப்பார்கள்?"

ஆமாம், உங்களைத்தான் நினைத்தாள். நீங்கள் கட்டிய பட்டம் தலையிலிருந்து விழுந்துவிடுமோ என்று ஓர் எட்டு வயதுக் குழந்தை ஒரு வாரம் மெத்தைக்கு அடியில் பயத்தை வைத்துக்கொண்டு அதன் மேலேயே படுத்திருக்கிறாள்.

கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இதையேதான் பார்க்கிறோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரிடம் நீ புத்திசாலி என்றும், சிலரிடம் நன்றாக முயன்றாய் என்றும் சொன்னார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் அடுத்து, தங்களைப் புத்திசாலியாகக் காட்டும் புதிர்களையே தேடினார்கள். கடினமான புதிர்களில் தோற்ற பிறகு அவர்களுடைய திறமை சரிந்தது. முகம் தெரியாத வேறொரு பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, அவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். முகம் தெரியாத பிள்ளையிடமே பொய் சொல்ல வேண்டியிருந்தது என்றால், சித்திகளிடம் என் மகள் எப்படி உண்மையைச் சொல்வாள்?

மூவரில் ஒருத்தியின் மேல்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். அவளைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன். விடுதியில் ஒரு நள்ளிரவு. மின்சாரம் இல்லை. மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். அவள் சொன்னாள்: "எங்கள் வீட்டில் அக்காதான் அழகு. நான் சமர்த்து. சின்ன வயதில் யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் அவளைக் கொஞ்சுவார்கள். பிறகு என்னைப் பார்த்து, இவள் சமர்த்து என்பார்கள். அந்தப் 'பிறகு'தான் எனக்கு வலிக்கும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்றைக்கும் அவளை நல்லபடியாக ஒரு புகைப்படத்தில் பிடிக்க முடியாது. எல்லோருக்கும் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவளும் அக்காவும் மனம் விட்டுப் பேசிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவள்தான், நீல ஊசி செருகி நின்ற என் பெரியவளைப் பார்த்து, "அலங்காரமெல்லாம் தங்கச்சிக்கு" என்று சொன்னாள்.

உனக்கு வலித்ததே, அது எங்கே போயிற்று? அதே கத்தியை எடுத்து அதே இடத்தில் எப்படி வைக்க மனம் வந்தது?

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தொலைபேசியில் பேசினேன். முதலில் சிரித்தாள். பாசத்தில் சொன்னதை இவ்வளவு பெரிதாக்குகிறாயே என்றாள். இப்படிச் சொல்லிச் சொல்லித்தானே நாமெல்லாம் வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம் என்றாள். நான் மொட்டை மாடியை நினைவுபடுத்தினேன். நெடுநேரம் பேச்சே இல்லை. அப்புறம் "வைக்கிறேன்டி" என்று வைத்துவிட்டாள். அவளை அழவைத்தேனா என்று தெரியவில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன்.

இதைத் தோழிகளோடு மட்டும் நிறுத்தினால் அது நேர்மை ஆகாது. நானும் செய்திருக்கிறேன். "பெரியவள் அமைதி, சின்னவள் வாயாடி" என்று எத்தனை பேரிடம் அறிமுகம் செய்திருப்பேன்! பெற்றவர்கள் வாயிலிருந்து வரும் ஒப்பீடு இன்னும் ஆழமாக இறங்குகிறது என்பதை அலெக்சாண்டர் ஜென்சன், சூசன் மெக்ஹேல் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தபோது உணர்ந்தேன். 388 குடும்பங்களின் பதின்ம வயது உடன்பிறப்புகளையும் அவர்கள் பெற்றோரையும் ஆய்வு செய்தார்கள். உங்கள் பிள்ளைகளில் நன்றாகப் படிப்பது யார் என்று கேட்டபோது பெரும்பாலான பெற்றோர் மூத்த பிள்ளையைச் சொன்னார்கள். உண்மையில் மூத்தவர்களும் இளையவர்களும் சராசரியாக ஏறக்குறைய ஒரே அளவில்தான் மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெற்றோரின் அந்த நம்பிக்கை பழைய மதிப்பெண்ணைப் பார்த்து வந்ததல்ல. ஆனால் பின்னால் வந்த மதிப்பெண்கள் அந்த நம்பிக்கையின் வழியே போயின. படித்ததும் என் கை நடுங்கியது. அன்றோடு "வாயாடி" என்ற சொல்லை நான் விட்டேன். நான் விட முடிந்தது என்றால் நீங்களும் விடலாம்.

வேறு என்னதான் பேசுவது என்று கேட்கிறார்கள். குழந்தையிடம் பேசுவதற்கா பஞ்சம்? அவள் கையில் ஒன்றை வைத்துக்கொண்டு உங்களை நோக்கி ஓடி வருகிறாள் என்றால், கையைப் பாருங்கள். அது என்ன என்று கேளுங்கள். தலையில் ஊசி செருகியிருக்கிறாள் என்றால், நீயே செருகினாயா என்று கேளுங்கள், ஆசையாகச் சொல்வாள். அழகாக இருந்தால் அழகு என்றும் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. இருவரையும் சொல்லுங்கள், தனித்தனியாகச் சொல்லுங்கள், ஒருத்தியை அளக்க மற்றவளைக் கோலாக எடுக்காதீர்கள். வாயாடி என்று நான் சொல்லிக்கொண்டிருந்த சின்னவள்தான் முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் பேட்டரியோடு போராடினாள். அமைதி என்று நான் சொல்லிக்கொண்டிருந்த பெரியவள் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் பாடி ஆடுகிறாள். அந்த ஆட்டத்தை நீங்கள் பார்த்ததே இல்லை. உங்கள் முன்னால் அவள் ஆட மாட்டாள், ஏனென்றால் ஆடுவது தங்கச்சியின் பாகம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

அடுத்த சனிக்கிழமை வருகிறீர்கள். வர வேண்டும், வராமல் இருந்துவிடாதீர்கள். தொலைபேசியை வைத்தவளே, நீ கட்டாயம் வா. நீல ஊசியைத் துடைத்துக் கண்ணாடி மேசையில் வைத்திருக்கிறேன். பெரியவள் அதை எடுப்பாளா என்று தெரியவில்லை. டார்ச் சின்னவளின் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேட்டால் பிரித்துக் காட்டுவாள்.