சனிக்கிழமை வென்றதைத் திங்கட்கிழமை பறிப்பது

2024 ஏப்ரலில் பர்ன்லிக்கு எதிராகச் சனிக்கிழமை ஈட்டிய மூன்று புள்ளிகளில் இரண்டு, நஷ்ட வரம்பைத் தாண்டியதற்காக, திங்கட்கிழமை முடிவதற்குள் இங்கிலாந்துப் பிரீமியர் லீக் கால்பந்துக் கழகமான எவர்ட்டனின் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டுவிட்டன. அந்தச் செய்தியின் கீழே நம் நண்பர்கள் வைத்த சிரிப்புப் பொம்மைகளை (இமோஜிகளை) ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யார் யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. சொல்லாமலே அவரவர்க்குத் தெரியும். சிரித்தவர்களில் பெரும்பாலோர் எந்த அணியின் ரசிகர்கள் என்பதும், அந்த அணிகளின் கணக்குப் புத்தகங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதும் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஒரு லீக்கின் புள்ளிப் பட்டியல் களத்தில்தான் தீர்மானிக்கப்பட வேண்டும். தவறு செய்த கழகத்தைத் தண்டியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்தத் தவறுக்கு எத்தனை புள்ளி என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத் தண்டியுங்கள், சீசன் தொடங்குவதற்கு முன் தண்டியுங்கள், எல்லோரையும் தண்டியுங்கள். இந்த மூன்றில் ஒன்றுகூட நடக்காமல், ஒரே சீசனில் ஒரே கழகத்தின் புள்ளிகளை இரண்டு தவணைகளாகப் பிடுங்குவதற்கு நீதி என்று பெயர் வைத்தால், அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்ட எனக்கு மனம் வரவில்லை.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2023 நவம்பர் 17 அன்று எவர்ட்டன் 12 ஆட்டங்களில் 14 புள்ளிகளுடன் 14-ஆம் இடத்தில் இருந்தது. அன்று வந்த தீர்ப்பில் 10 புள்ளிகள் பறிபோய், 4 புள்ளிகளுடன் 19-ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. பிரீமியர் லீக் வரலாற்றில் அதுவரை எந்தக் கழகத்துக்கும் அவ்வளவு பெரிய புள்ளித் தண்டனை விதிக்கப்பட்டதில்லை. திவாலாகி நிர்வாகியின் கையில் போய்ச் சேர்ந்த போர்ட்ஸ்மவுத்துக்கே 2010-இல் 9 புள்ளிகள்தான் போயின. கடனில் மூழ்கிப்போன கழகத்துக்கு 9, நஷ்ட வரம்பைத் தாண்டிய கழகத்துக்கு 10 என்ற கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றது என்று நாம் கேட்டபோதும் சிலர் சிரித்தார்கள். பிப்ரவரி இறுதியில் மேல்முறையீட்டுக் குழு அந்தப் பத்தை ஆறாகக் குறைத்தபோது சிரித்தவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இடையில் அந்த அணி என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். தண்டனைக்குப் பிந்தைய முதல் ஆட்டத்தில் எவர்ட்டனின் அப்போதைய மைதானமான கூடிசன் பார்க் முழுவதும் பிரீமியர் லீக்கின் சின்னம் பொறித்த இளஞ்சிவப்பு அட்டைகளை ரசிகர்கள் உயர்த்திப் பிடித்தார்கள். எதிரணி வீரர் கர்னாச்சோ தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோலுடன் மான்செஸ்டர் யுனைட்டெட் 3-0 என்று வென்று போனது. அத்துடன் கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஃபாரஸ்ட், நியூகாசில், செல்சி, பர்ன்லி என்று அடுத்த நான்கு அணிகளையும் ஒரு கோல்கூட வாங்காமல் வீழ்த்தினார்கள். அப்போதைய மேலாளர் ஷான் டைச்சின் ஆட்டத்தைக் கண்குளிரப் பார்க்க முடியாது என்று கேலி பேசுபவர்கள், அந்த டிசம்பரைப் பற்றி ஏன் பேசுவதில்லை? அதன் பிறகு 13 லீக் ஆட்டங்களில் வெற்றியே இல்லை என்பதும் உண்மைதான். அது களத்தில் நடந்தது. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. டைச்சைச் சில இரவுகள் திட்டியிருக்கிறேன், அது வேறு. பிறகு சனிக்கிழமை, பர்ன்லியின் கோல்கீப்பர் உதைத்த பந்தின் குறுக்கே எவர்ட்டனின் முன்கள வீரர் கால்வெர்ட்-லூயின் பாய்ந்து, அது அவர் மீது பட்டு வலைக்குள் போனது. அழகான கோல் இல்லைதான். ஆனால் டிசம்பர் 16-க்குப் பிறகு கிடைத்த முதல் லீக் வெற்றி அது. அதன் மகிழ்ச்சி இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை.

இனி எண்களுக்கு வருகிறேன், ஏனென்றால் உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறான் என்று சொல்லப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளில் ஒரு கழகம் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்பது அப்போதைய விதி. முதல் வழக்கில் எவர்ட்டன் அந்த வரம்பை 1.95 கோடி தாண்டியது. இறுதித் தண்டனை 6 புள்ளிகள். இரண்டாம் வழக்கில் 1.66 கோடி தாண்டியது; தண்டனை 2 புள்ளிகள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் தனக்குரிய வரம்பை 3.45 கோடி தாண்டியது. அதற்கு 4 புள்ளிகள். ஃபாரஸ்ட் ரசிகர்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அவர்களும் இதே குழியில்தான் கிடந்தார்கள். ஆனால் அதிகம் தாண்டியவருக்குக் குறைவாகவும், குறைவாகத் தாண்டியவருக்கு அதிகமாகவும் வருகிற இந்தக் கணக்கை எப்படிப் புரிந்துகொள்வது? தவறை ஒப்புக்கொண்டார்கள், ஒத்துழைத்தார்கள், அதனால் சலுகை என்பார்கள். ஒத்துழைப்பின் விலை எத்தனை புள்ளி என்று எந்த விதிப் புத்தகத்திலும் அட்டவணை இல்லையே! ஒவ்வொரு குழுவும் தன் மனசாட்சிக்குத் தோன்றியதைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அதைவிடக் கொடுமை, இரண்டாம் வழக்கில் கணக்கில் எடுக்கப்பட்ட மூன்று ஆண்டுகளில் இரண்டு, முதல் வழக்கிலேயே தண்டனைக்குள்ளானவை. அதைக் குழுவே ஏற்றுக்கொண்டு தண்டனையைக் குறைத்திருக்கிறது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்கக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. ஆனாலும் கொஞ்சமாவது தண்டித்தால்தான் தூக்கம் வரும்போல.

"விதியை மீறினீர்கள் அல்லவா, பிறகென்ன புலம்பல்?" என்று கேட்பீர்கள். மீறியது எவர்ட்டன்தான், அதை யாரும் மறுக்கவில்லை. மீறினால் தண்டனை உண்டு என்பதோடு என் வாதம் முரண்படவே இல்லை. நான் கேட்பது தண்டனையின் அளவையும் நேரத்தையும் பற்றி. இதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன், படிக்காமல் கருத்துப் போடுகிறவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்.

இன்னொரு கேள்வி கொஞ்சம் கனமானது, லீட்ஸ் ரசிகரான நண்பர் ஒருவர் நேரடியாகவே கேட்டார். 2022-இல் பர்ன்லி 35 புள்ளிகளுடன் தரமிறங்கியது (அடுத்த கீழ் டிவிஷனுக்குப் போனது), எவர்ட்டன் 39 புள்ளிகளுடன் தப்பியது. அப்போதே ஆறு புள்ளிகளைக் கழித்திருந்தால் இறங்கியிருக்க வேண்டியது நீங்கள் அல்லவா? 2023-இல் லெஸ்டர் 34, நீங்கள் 36. அங்கே மட்டும் என்ன நியாயம்? நல்ல கேள்வி. ஆனால் இது என் வாதத்துக்கு வலு சேர்க்கிற கேள்வி. தண்டனையை உரிய நேரத்தில் கொடுத்திருந்தால் பர்ன்லிக்காரருக்கும் நியாயம் கிடைத்திருக்கும், எவர்ட்டன் ரசிகருக்கும் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்திருக்கும். தாமதித்தது லீக். அதன் பழியையும் சேர்த்து நாமே சுமக்க வேண்டும் என்றால் எப்படி?

வரலாற்றில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1996 டிசம்பரில் வீரர்களுக்குக் காய்ச்சலும் காயமும் என்று சொல்லி மிடில்ஸ்பரோ பிளாக்பர்னுக்கு ஆட வரவில்லை. மூன்று புள்ளிகள் கழிக்கப்பட்டன. சீசன் முடிவில் 39 புள்ளிகளுடன் தரமிறங்கினார்கள். அந்த மூன்றும் இருந்திருந்தால் 42, 41 புள்ளிகள் எடுத்த கவென்ட்ரிக்கும் மேலே நின்றிருப்பார்கள். லீக் கோப்பை, எஃப்.ஏ. கோப்பை இரண்டின் இறுதிப் போட்டிகளிலும் தோற்றதும் அதே சீசனில்தான். கடைசி நாளில் மிடில்ஸ்பரோ வீரர் ஜூனின்யோ புல்தரையில் உட்கார்ந்து அழுத காட்சியை இன்றைக்கும் எல்லோரும் பகிர்கிறார்கள்; அந்தக் கண்ணீருக்குக் காரணமான மூன்று புள்ளிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எனக்கு இந்த ஊரோடும் கழகத்தோடும் என்ன ஒட்டு என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லிவர்பூலில் படித்துக்கொண்டிருந்தபோது, எழுபதைக் கடந்த ஒரு பெரியவரின் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். 2022 மே 19, வியாழக்கிழமை இரவு, அவருடைய மகனுக்கு வேலை என்பதால் அவன் இடத்தில் என்னை கூடிசனுக்கு அழைத்துப் போனார். புல்லன்ஸ் ரோடு பக்கத்து மேல்தளம்; மர இருக்கை; நேர் எதிரே கூரையைத் தாங்குகிற ஓர் இரும்புத் தூண். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு பெனால்டி பகுதியில் பாதி மறைந்துவிடும். கிரிஸ்டல் பேலஸ் 2-0 என்று முன்னிலை பெற்றபோது எங்கள் வரிசையில் பேச்சே இல்லை. எங்கள் பக்கம் கீன் ஒன்று அடித்தார், ரிச்சர்லிசன் இன்னொன்று அடித்தார், 85-ஆம் நிமிடத்தில் டெமராய் கிரே உதைத்த ஃப்ரீ கிக் தூணுக்குப் பின்னால் மறைந்தது. கால்வெர்ட்-லூயின் பாய்ந்து தலையால் முட்டியதை நான் பார்க்கவில்லை. மைதானத்தின் மறுபக்கம் இருந்த எங்கள் ரசிகர்கள் மொத்தமாக எழுந்ததை வைத்துத்தான் கோல் என்று தெரிந்துகொண்டேன். ஆட்டம் முடிந்ததும் தரமிறங்காமல் தப்பிய மகிழ்ச்சியில் ஆயிரக்கணக்கானோர் களத்துக்குள் இறங்கி ஓடினார்கள். பெரியவர் எழுந்திருக்கவில்லை. "தம்பி, தண்ணீர் வைத்திருக்கிறாயா, மாத்திரை போட வேண்டும்" என்றார். போட்டுக்கொண்டு, 1994-இல் விம்பிள்டனுடனும் இதே கதைதான், 0-2 என்று பின்தங்கி 3-2 என்று ஜெயித்தோம், அப்போது எனக்கு மாத்திரை தேவைப்படவில்லை என்றார்.

திங்கட்கிழமை அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "பர்ன்லியுடன் ஜெயித்த ஆட்டத்தை டிரா ஆக்கிவிட்டார்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். மூன்றில் இரண்டு போனால் ஒன்று. ஒன்று என்றால் டிராதானே. சிரிப்புப் பொம்மை வைத்தவர்கள் அதற்குக் கொஞ்சம் சிரிக்கலாம், அது நிஜமாகவே நகைச்சுவை.

1954 முதல் இடைவிடாமல் முதல் டிவிஷனில் ஆடி வருகிற கழகம் இது. ஒன்பது முறை சாம்பியன். ஆட்ட நாளில் மைதானத்துக்கு வெளியே, எவர்ட்டன், லிவர்பூல் இரு தரப்பு ரசிகர்களும் சேர்ந்து நடத்துகிற உணவு வங்கிக்காக பீன்ஸ் டப்பாக்களையும் பாஸ்தா பொட்டலங்களையும் வாங்கி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். வரிசையில் நிற்பவர்களில் கொடுப்பவர் யார், அடுத்த வாரம் வாங்கப் போகிறவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நீங்கள் புள்ளிகளைப் பிடுங்கியது அவர்களிடமிருந்து. பணத்தை வாரி இறைத்த அன்றைய முதலாளி ஃபர்ஹாத் மொஷிரியிடமிருந்து என்ன பிடுங்கினீர்கள்? கோமன், அல்லார்டைஸ், சில்வா, அன்செலோட்டி, பெனிடெஸ், லம்பார்ட் என்று மேலாளர்களை மாற்றி, ஒவ்வொருவருக்கும் ஒரு வண்டி வீரர்களை வாங்கிக் குவித்தவர் அவர். அவரைக் கேள்வி கேட்டவர்களும் அந்த ரசிகர்கள்தான், லீக் கேட்கவில்லை. பிறகு கழகத்தை 777 பார்ட்னர்ஸ் என்ற நிறுவனத்திடம் தள்ளிவிடப் பார்த்தார், 2023 செப்டம்பரில் தொடங்கிய அந்தப் பேரத்துக்கு 2024 ஏப்ரல் வரை லீக் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. புள்ளி கழிப்பதில் இருந்த வேகம் அதில் ஏன் இருக்கவில்லை என்று யாராவது கேளுங்கள்.

பெரிய கழகங்களுக்கு வருவோம். 2021 ஏப்ரலில் ஆறு கழகங்கள் சேர்ந்து, இந்த லீக்கின் அடித்தளத்தையே பிளந்து, சூப்பர் லீக் என்று தனிக்கடை போடப் புறப்பட்டன. ரசிகர்கள் தெருவில் இறங்கியதால் இரண்டே நாளில் ஓடி வந்தன. அவற்றுக்கு என்ன தண்டனை? ஆறு பேரும் சேர்ந்து 2.2 கோடி பவுண்டு. புள்ளி ஒன்றுகூட இல்லை. அடுத்த முறை செய்தால் 30 புள்ளிகள் என்று எச்சரித்து அனுப்பினார்கள். அந்த ஆறு அணிகளின் ரசிகர்கள்தான் இன்று நமக்கு ஒழுக்கம் கற்பிக்கிறார்கள்.

மான்செஸ்டர் சிட்டி மீது 2023 பிப்ரவரியில் நிதி விதிகளை மீறியதாக 115 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. எவர்ட்டனுக்கு இரண்டாம் தீர்ப்பு வந்த 2024 ஏப்ரலிலும் அந்த விசாரணை தொடங்கியிருக்கவே இல்லை. வழக்கு சிக்கலானது, ஆவணங்கள் அதிகம், அவர்கள் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, நேரம் எடுக்கத்தான் செய்யும் என்று விளக்குவீர்கள். விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதன் பொருளையும் கேட்டுக்கொள்ளுங்கள்: கணக்கைத் திறந்து காட்டி ஒத்துழைத்தால் ஒரே சீசனில் இரண்டு தீர்ப்பு, வழக்கறிஞர்களை வைத்து ஒவ்வொரு வரியையும் எதிர்த்தால் கோப்பைக்கு மேல் கோப்பை. சிட்டி ரசிகர்களே, நீங்கள் குற்றவாளிகள் என்று நான் சொல்லவில்லை, குழு தீர்ப்புச் சொல்லட்டும். நமக்குக் கிடைத்த வேகத்தில் உங்களுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் வாழ்த்துகிறேன்.

"தமிழனுக்கு எதற்கு எவர்ட்டன் மேல் இத்தனை பாசம், வேலையைப் பார்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அவருடைய முகப்புப் படத்தில் ஆர்சனல் சட்டை. வெற்றிபெறுகிற அணியை நேசிப்பதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. 16-ஆம் இடத்தில் கிடந்த அணியை நேசித்தால் மட்டும் வம்சாவளி கேட்கிறார்கள். கேட்டவர்மீது எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நிலவரப்படி எவர்ட்டனுக்கு 27 புள்ளிகள், கீழே, தரமிறங்கும் கடைசி மூன்று இடங்களில் முதலாவதான 18-ஆம் இடத்தில் லூட்டனுக்கு 25. செல்சி, ஃபாரஸ்ட், லிவர்பூல், பிரெண்ட்ஃபோர்ட், லூட்டன், ஷெஃபீல்ட் யுனைட்டெட், ஆர்சனல் என்று ஏழு ஆட்டங்கள் மிச்சம் இருந்தன. சீசன் மே 19 அன்று முடிவதாக இருந்தது. இந்த இரண்டு புள்ளிகளை எதிர்த்துக் கழகம் செய்யும் மேல்முறையீட்டை முடிப்பதற்கான கெடு மே 24 என்று வைத்திருந்தார்கள். அதாவது கடைசி விசில் ஊதி, ஒரு ஊர் அழுது, இன்னொரு ஊர் கொண்டாடி முடித்த ஐந்து நாள் கழித்து, ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் வழக்கறிஞர்கள் யார் அழ வேண்டும் என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம். லூட்டன் ரசிகருக்கும் இது அநியாயம்தான், அவருக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன், அவர் என்னைத் திட்டினாலும்.

கீழே கருத்துச் சொல்ல வருகிறவர்கள் தாராளமாக வரலாம். வரும்போது 1.95 கோடிக்கு 6, 3.45 கோடிக்கு 4, 1.66 கோடிக்கு 2 என்ற மூன்றுக்கும் பொருந்துகிற ஒரே கணக்கைக் கொண்டு வாருங்கள். சிரிப்புப் பொம்மையை மட்டும் வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த முறை நான் பதில் எழுதப் போவதில்லை.