அணுப் பாதுகாப்பு ஆராய்ச்சியை எதை வச்சு எடை போடுறது?

ஒரு ஆராய்ச்சி நிறுவனம் எப்படின்னு கேட்டா வருஷத்துக்கு எத்தனை பேப்பர், அதை மத்தவங்க எத்தனை தடவை மேற்கோள் காட்டினாங்க (சைட்டேஷன்), ரேங்கிங்ல எத்தனாவது இடம்னு சொல்றதே இப்போ வழக்கமாயிடுச்சு. மத்த துறைக்கு அது ஓரளவு சரியா இருக்கலாம், ஆனா அணு உலைப் பாதுகாப்புக்குன்னே இருக்கிற நிறுவனத்தை இந்தக் கணக்குல அடக்கக் கூடாதுங்கிறது என் உறுதியான கருத்து.

பிரான்ஸோட அணுப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமா இருந்த ஐஆர்எஸ்என்னை எடுத்துக்குங்க. அவங்களும், அவங்களுக்கு முன்னாடி இருந்த ஐபிஎஸ்என்னும் தென் பிரான்ஸ்ல கடராஷ்ங்கிற இடத்துல ஃபெபூஸ்னு ஒரு சோதனை நடத்தினாங்க. உலை உருகினா என்ன ஆகும்னு கம்ப்யூட்டர்ல மட்டும் போட்டுப் பார்க்காம நிஜமாவே உருக்கிப் பார்த்தாங்க. ஒரு மீட்டர் நீள எரிபொருள் கம்பி இருபதைக் கட்டா ஒரு சின்ன ஆராய்ச்சி உலைக்கு நடுவுல வச்சு, நீராவியை மட்டும் உள்ள விட்டு உருகுற அளவுக்குச் சூடேத்தி, அதுல இருந்து கிளம்புற கதிரியக்கப் பொருள் குழாய் வழியா 10 கன மீட்டர் டேங்குக்கு வந்து எது அடியில படியுது, எது காத்துலயே நிக்குதுன்னு நாள்கணக்கா அளந்தாங்க. 1993-ல இருந்து 2004 வரைக்கும் நடந்த சோதனை மொத்தமே அஞ்சு தான்!

பேப்பர் கணக்கு பார்க்கிற ஆள் இதுக்கு மார்க்கே போட மாட்டார். ஆனா அதுல என்ன தெரிய வந்துச்சுன்னு பாருங்க. அதுவரைக்கும் உலையில இருந்து வர்ற கதிரியக்க அயோடின் பெரும்பாலும் சீசியம்ங்கிற இன்னொரு கதிரியக்கப் பொருளோட சேர்ந்து நுண்துகளா தான் வெளிய வரும், படிஞ்சிடும்னு நம்பிட்டு இருந்தாங்க. ஆனா சோதனையில அதுல ஒரு பகுதி வாயுவாவே வந்துச்சு. வாயு துகள் மாதிரி படியாது, சாதாரண துகள் ஃபில்டர்லயும் நிக்காது, சுவாசிச்சா நேரா தைராய்டுக்குப் போகும். உலையோட வேகத்தை அடக்குற கட்டுப்பாட்டுக் கம்பியில வெள்ளி இருந்தா அது தண்ணிக்குள்ள அயோடினைப் பிடிச்சு வச்சுக்குது, கடைசிச் சோதனையில வெள்ளிக்குப் பதிலா போரான் கார்பைடு கம்பி வச்சப்போ வாயு அயோடின் பல மடங்கு கூடிப்போச்சு. ஒரு கம்பியை எதுல செய்றோம்ங்கிறதுல பக்கத்து ஊர்க் குழந்தைங்களோட தைராய்டு அடங்கியிருக்கு. விபத்தைக் கணக்கிடுற மென்பொருள்களை இந்த அளவுகளோட ஒப்பிட்டுத் தான் இன்னைக்கும் சரிபார்க்கிறாங்க.

இன்னொண்ணு, 2017 செப்டம்பர் கடைசியில ஐரோப்பா முழுக்க காத்துல ருத்தேனியம்-106ங்கிற கதிரியக்கப் பொருள் தென்பட்டுச்சு, யாரும் எங்க வேலைன்னு ஒத்துக்கலை. ஐஆர்எஸ்என் காத்து வந்த வழியைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, வோல்கா ஆத்துக்கும் யூரல் மலைக்கும் நடுவுல இருந்து தான் வந்திருக்கணும்னு நவம்பர்ல மேப்போட வெளியிட்டாங்க. ரஷ்யா மறுத்துச்சு, இவங்க பின்வாங்கலை. இந்தத் துணிச்சல் எந்த ரேங்கிங்ல வரும் சொல்லுங்க?

அப்படிப்பட்ட நிறுவனத்தை 2025 ஜனவரி 1-ல இருந்து உரிமம் கொடுக்கிற ஒழுங்காற்று ஆணையத்தோட சேர்த்துட்டாங்க. 2023-ல ஒரு தடவை நாடாளுமன்றமே வேண்டாம்னு தள்ளுச்சு, ஊழியர்கள் வீதிக்கு வந்து போராடினாங்க, அப்புறமும் 2024-ல சட்டம் பாஸாச்சு. வேலை சீக்கிரம் நடக்கும்னு காரணம் சொன்னாங்க. எனக்கு இது சுத்தமா உடன்பாடில்லை. ஆராய்ஞ்சு சொல்றவங்களும் முடிவெடுக்கிறவங்களும் தனித்தனி கட்டடத்துல இருந்தா தான் ரெண்டு பேரும் எங்க முரண்படுறாங்கன்னு வெளிய இருக்கிற நமக்குத் தெரியும்.

நம்ம கல்பாக்கத்துலயும் ஏஇஆர்பி-யோட (இந்தியாவோட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1999-ல இருந்து இருக்கு. ஏஇஆர்பி-க்குச் சுதந்திரம் போதாதுன்னு அரசுக் கணக்கைத் தணிக்கை பண்ற சிஏஜி 2012-லயே அறிக்கை கொடுத்துச்சு. கல்பாக்கம் நிறுவனம் எத்தனை பேப்பர் போட்டுச்சுங்கிறது எனக்கு ரெண்டாம்பட்சம். அவங்க ஆய்வால எந்த உலையில எந்த விதி மாறுச்சு, எந்த டிசைனைத் திருப்பி அனுப்பினாங்க, அதை உலையைச் சுத்தி இருக்கிற மீனவ கிராமத்து ஜனங்க படிக்கிற மாதிரி தமிழ்ல வருஷா வருஷம் வெளியிடணும்.