அந்தச் சிவப்புக் கண்கள் கண்களே இல்லை

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்க வாட்ஸப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது, சிவப்பாக எரியும் கண்களோடு பேய் மாதிரி ஒரு முகம், கீழே "கொழும்பில் புது விஷ எறும்பு, பிள்ளைகளைப் பூங்காவுக்கு விடாதீர்கள்" என்று எச்சரிக்கை வேறு. சுத்தப் பொய். லித்துவேனியப் படக்கலைஞர் எயுஜெனியுஸ் கவாலியாவுஸ்காஸ் எடுத்த சாதாரண எறும்பு அது, நிகான் நடத்தும் நுண்படப் போட்டியில் 2022இல் இடம்பெற்றது. நுண்ணோக்கியில் 5 மடங்கு பெருக்கி எடுத்ததால் மயிர்கூட முள்ளாகத் தெரிகிறது. சரி, அந்தக் கண்கள்? அவை உணர்கொம்புகள் முளைக்கும் அடிப்பகுதி. எறும்பின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கும். சீனிப் போத்தலில் ஏறுகிற எறும்பை இப்படிப் பிடித்தாலும் பயமாகத்தான் இருக்கும், அதற்காக விகாரமகாதேவி பூங்காவைப் பூட்டவா முடியும்?