655.957 என்ற எண்

"பதினான்கு ஆப்பிரிக்க நாடுகள் இன்றைக்கும் பிரான்சுக்குக் காலனி வரி கட்டுகின்றன, வருஷத்துக்கு 500 பில்லியன் டாலர்" என்று ஒரு செய்தி பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது தவறு. அந்தப் பதினான்கு நாடுகளும் ஒரு வருஷத்தில் உற்பத்தி செய்வதையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு தொகை வராது. பகிர்கிறவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் கணக்கு பொய்யாக இருந்தால், எதிரில் இருப்பவர் அதை ஒரே வரியில் மறுத்துவிட்டுப் போய்விடுவார். உண்மையான பிரச்சினையும் அதோடு சேர்ந்து புதைந்துவிடும். அந்த உண்மையான பிரச்சினையைப் புரிந்துகொள்ள 655.957 என்ற எண்ணிலிருந்து தொடங்கலாம்.

ஒரு யூரோவுக்கு 655.957 சிஎஃப்ஏ பிராங்க். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் இருக்கும் அந்தப் பதினான்கு நாடுகளிலும் ஓடும் நாணயம் இதுதான். 1999 முதல் இந்த எண் அசையவே இல்லை. இப்படி ஒரு விசித்திரமான தசம எண்ணை யார் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்? யாரும் செய்யவில்லை. 1945 டிசம்பரில் பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளுக்கென்று இந்த நாணயத்தை உருவாக்கியது. 1948இல் ஒரு சிஎஃப்ஏ பிராங்குக்கு இரண்டு பிரெஞ்சு பிராங்க் என்று வைத்தார்கள். 1960இல் பிரான்ஸ் தன் பழைய 100 பிராங்கை ஒரு புதிய பிராங்காக மாற்றியதும், அது 50 சிஎஃப்ஏவுக்கு ஒரு பிராங்க் என்றானது. 1994இல் அதை நூறுக்கு ஒன்று என்று இறக்கினார்கள். பிரான்ஸ் யூரோவுக்குப் போனபோது ஒரு யூரோவுக்கு 6.55957 பிராங்க் என்று கணக்குத் தீர்த்தது. அதைப் புள்ளி தள்ளி நூறால் பெருக்கினார்கள், அவ்வளவுதான். செனகல் கடலை விவசாயிக்கோ புர்கினா பாசோ பருத்தி விவசாயிக்கோ எது பொருத்தம் என்ற கேள்வி இந்த எண்ணுக்குள் எங்குமே இல்லை.

சிஎஃப்ஏ என்ற மூன்று எழுத்துக்கு முதலில் "ஆப்பிரிக்காவின் பிரெஞ்சுக் காலனிகள்" என்று பொருள். விடுதலைக்குப் பிறகு விரிவாக்கத்தை மட்டும் மாற்றி, எழுத்துகளை அப்படியே விட்டுவிட்டார்கள்.

இதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் செனகல் ஆற்றங்கரையில் நாணயமாக ஓடியது நம் பக்கத்துத் துணி. புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணியை பிரெஞ்சு வணிகர்கள் "கினே" என்பார்கள். 15, 16 மீட்டர் நீளமுள்ள ஒரு பீஸ்தான் கணக்கு அலகு. செயிண்ட் லூயி துறைமுகத்திலிருந்து அதைப் படகில் ஏற்றிப்போய், பாலைவன விளிம்பில் வேலம்பிசின் சேகரித்து வருபவர்களிடம் பீஸுக்கு இத்தனை எடை பிசின் என்று பேரம் பேசுவார்கள். இயந்திரத் துணியைக் கொண்டுபோனால் அங்கே செல்லாது. வாங்குகிறவர்கள் முகர்ந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த நாணயத்தை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவு ஆற்றங்கரையில் நிற்பவரிடம் இருந்தது. அடுத்து வந்த நாணயத்தில் அது அவரிடம் இல்லை.

இனி இது எப்படி இயங்குகிறது என்பது. ஐவரி கோஸ்டின் அபிஜானிலிருந்து ஒருவர் ஆம்ஸ்டர்டாமுக்குக் கோகோ அனுப்பி 10 லட்சம் யூரோ சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். அவருடைய வங்கிக் கணக்கில் 65.6 கோடி பிராங்க் ஏறும். வந்த யூரோவில் பெரும்பகுதி, செனகல் தலைநகர் டக்காரில் இருக்கும் மேற்கு ஆப்பிரிக்க மத்திய வங்கிக்குப் போக வேண்டும். அந்த மத்திய வங்கி தன் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் ஒரு பங்கை பாரிஸில், பிரெஞ்சுக் கருவூலத்தில், "செயல்பாட்டுக் கணக்கு" என்ற கணக்கில் போட்டு வைக்க வேண்டியிருந்தது. 1973 வரை முழுவதும், பிறகு 65 சதவீதம், 2005க்குப் பிறகு 50 சதவீதம். அந்தப் பணம் திருட்டுப் போகவில்லை. வட்டி கொடுத்தார்கள்; ஐரோப்பாவில் வட்டி பூஜ்யத்துக்குக் கீழே போன வருடங்களில்கூட 0.75 சதவீதம் கொடுத்தார்கள். அதனால்தான் "வரி" என்ற சொல் இங்கே பொருந்தாது என்கிறேன்.

கைமாறாக பிரான்ஸ் கொடுப்பது உத்தரவாதம்: கையிருப்பு தீர்ந்துபோனாலும் அந்த விகிதத்தில் யூரோ தருவோம் என்பது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. புழக்கத்தில் விட்ட பணத்தில் குறைந்தது 20 சதவீதத்துக்கு அந்நியச் செலாவணி கையில் இருக்க வேண்டும். அது குறைந்தால் கடனை இறுக்க வேண்டும், வட்டியை ஏற்ற வேண்டும். கேட்பதற்கு ஒழுங்கான ஏற்பாடாகத் தெரியும். நடைமுறையில் மத்திய வங்கி எப்போதும் அந்தக் கோட்டுக்கு வெகுதூரம் மேலேயே நிற்கப் பார்க்கும். உள்ளூரில் ஒரு எண்ணெய் ஆலையோ நூற்பாலையோ தொடங்க நினைப்பவருக்கு நீண்டகாலக் கடன் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதே சமயம் லாபத்தை ஐரோப்பாவுக்கு எடுத்துச்செல்லும் நிறுவனத்துக்கு மாற்று விகித ஆபத்து துளியும் இல்லை. பாரிஸில் வீடு வாங்கும் அமைச்சருக்கும் இல்லை. இந்த ஏற்பாடு இத்தனை காலம் நீடித்ததற்கு பிரான்சை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. உள்ளூரில் இதனால் வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

பருத்தியை எடுத்துக்கொள்வோம். உலகச் சந்தையில் அதன் விலை டாலரில். 2000இன் இறுதியில் ஒரு யூரோ சுமார் 0.85 டாலர்; 100 டாலர் பருத்தி விற்றால் ஏறத்தாழ 77,000 பிராங்க் கிடைத்தது. 2008 நடுவில் யூரோ 1.60 டாலருக்கு ஏறியது. அதே 100 டாலருக்கு 41,000 பிராங்க்தான். செடி மாறவில்லை, மழை மாறவில்லை, சந்தை விலையும் அதேதான் என்று வைத்தாலும் வருமானம் கிட்டத்தட்டப் பாதி. பிராங்க்பர்ட்டில் ஐரோப்பிய மத்திய வங்கி யூரோ நாடுகளின் விலைவாசியைப் பார்த்து வட்டியைத் தீர்மானிக்கும். அதன் பலன் புர்கினா பாசோவின் போபோ டியுலாசோவில் பருத்தி மூட்டையின் மேல் விழும். நாணயம் உயர்வாக இருக்கும்போது இறக்குமதி மலிவு. ஆசியாவிலிருந்து வரும் நொய்யரிசியோடு உள்ளூர் நெல் போட்டி போட முடியாது. செனகல்காரர்களுக்கு நொய்யைப் பழக்கியதே காலனி ஆட்சிதான்: நிலத்தில் ஏற்றுமதிக்குக் கடலை போடச் சொன்னார்கள், சாப்பாட்டுக்கு இந்தோசீனாவிலிருந்து மலிவு நொய்யை இறக்கினார்கள்.

தலைகீழாகவும் அடிக்கும். 1994 ஜனவரி 11 இரவு டக்காரில் மதிப்பிறக்கத்தை அறிவித்தார்கள், மறுநாளே அமலுக்கு வந்தது. பல வருடமாக அதை எதிர்த்துவந்த ஐவரி கோஸ்ட் அதிபர் ஊஃபுவே பொய்னி முந்தைய டிசம்பரில் இறந்திருந்தார், அடக்கம்கூட ஆகவில்லை. இறக்குமதியான மருந்தின் விலை, பிராங்கில் பார்த்தால், ஒரே இரவில் இரண்டு மடங்கு. கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ வேண்டிய விகிதத்தை 46 வருடம் பூட்டி வைத்தால், உடையும்போது இப்படித்தான் உடையும்.

"அப்படியென்றால் வெளியேற வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் வெளியேறியவர்களைப் பார்க்க வேண்டும். கினி 1958 வாக்கெடுப்பில் பிரான்சின் திட்டத்துக்கு வேண்டாம் என்றது, 1960இல் சொந்த நாணயம் வெளியிட்டது. பிரெஞ்சு உளவுத்துறை கள்ளநோட்டு அச்சடித்து உள்ளே இறக்கியது. மாலி 1962இல் போனது. அங்கே தவறு வேறு மாதிரி: மாட்டையும் கருவாட்டையும் விற்று கோலாக்கொட்டை வாங்கிவரும் வியாபாரிகளின் உலகமே ஐவரி கோஸ்டிலும் செனகலிலும் இருந்தது. அங்கே மாலி பிராங்கை யாரும் வாங்கவில்லை. வியாபாரிகள் பமாகோ தெருவில் இறங்கினார்கள், கடத்தல் பெருகியது, 1967இல் மதிப்பைப் பாதியாக்கினார்கள், 1984இல் இரண்டு மாலி பிராங்குக்கு ஒரு சிஎஃப்ஏ என்று கொடுத்துத் திரும்பி வந்தார்கள். மொரிட்டானியா 1973இல் அல்ஜீரியாவின் துணையோடு வெளியேறியது; ஐந்து சிஎஃப்ஏவுக்கு ஒரு ஊகியா என்று வைத்தது, திரும்பி வரவே இல்லை.

சொந்த நாணயம் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். கானாவில் 2022 டிசம்பரில் பணவீக்கம் 54 சதவீதம். சிஎஃப்ஏ நாடுகளில் சாதாரண வருடங்களில் அது 3 சதவீதத்தைத் தாண்டுவதே அரிது. கூலி வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் இந்த நாணயத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது: அதை அணைக்க முடியும். 2011இல் ஐவரி கோஸ்டில் தேர்தலில் தோற்றும் பதவியை விடாத அதிபர் பாக்போவுக்கு மத்திய வங்கியின் கதவு மூடப்பட்டது. பிப்ரவரியில் பெரிய வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஷட்டரை இறக்கின. 2022 ஜனவரியில் மாலிக்கும் 2023 ஜூலையில் நைஜருக்கும் இதேபோலத் தடை வந்தது. மாலி அரசின் கணக்கு டக்காரில் முடக்கப்பட்டதால், கையில் பணம் இருந்தும் கடன் தவணை கட்ட முடியவில்லை. பின்னிரண்டு தடைகளையும் போட்டவர்கள் பக்கத்து நாட்டுத் தலைவர்கள். அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாட்டின் பணத்தை எல்லைக்கு வெளியிலிருந்து நிறுத்த முடிகிற அமைப்பைக் கட்டி வைத்துவிட்டால், சுவிட்ச் யார் கைக்கும் போகும்.

2019 டிசம்பரில் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் ஐவரி கோஸ்ட் அதிபர் வத்தாராவும் அபிஜானில் சீர்திருத்தம் அறிவித்தார்கள். மேற்கின் எட்டு நாடுகளுக்கு பாரிஸ் கணக்கு முடிந்தது, மத்திய வங்கி நிர்வாகக் குழுவிலிருந்து பிரெஞ்சுப் பிரதிநிதிகள் விலகினார்கள். உத்தரவாதம் அப்படியே, 655.957 அப்படியே. "எக்கோ" என்ற புதிய பெயரை 2020இல் கொண்டுவருவதாக இருந்தது, இப்போது 2027 என்கிறார்கள். கேமரூன், காபோன் முதலிய ஆறு மத்திய ஆப்பிரிக்க நாடுகளுக்கு இந்த மாற்றம்கூட வரவில்லை.

மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் பிரெஞ்சு ராணுவத்தை அனுப்பிவிட்டன, 2025 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பிலிருந்தும் வெளியேறின. நாணயத்தை மட்டும் தொடவில்லை. பயம் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. அவர்களுடைய அரசுக் கடன் பத்திரங்கள் அபிஜான், டக்கார் வங்கிகளில் இருக்கின்றன, பிராங்கில். புது நாணயம் சரிந்தால் கடன் சரியாது, வீங்கும். சில மாத இறக்குமதிக்காவது தாங்கும் செலாவணி வேண்டும். தங்கம் விற்ற டாலர் நாட்டுக்குள் வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய நோட்டை எந்தத் தேதிவரை, எந்த விகிதத்தில் மாற்றித் தருவோம் என்று ஒரே இரவில் சொல்லியாக வேண்டும்.

நைஜரில் கல்மி என்ற ஊரின் ஊதா வெங்காயம் லாரியில் அபிஜான் சந்தைவரை போகிறது. அங்கே வியாபாரி வாங்கும் நோட்டில் எண்ணோடு 'ஏ' என்ற எழுத்து இருக்கும், ஐவரி கோஸ்டில் வெளியிட்டது என்று பொருள். நைஜரின் எழுத்து 'ஹெச்'. எழுத்து வேறாக இருந்தாலும் ஊருக்குத் திரும்பி அதே நோட்டைக் கொடுத்து உரம் வாங்குவார். புதிய நாணயத்தை வடிவமைக்கிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இவருக்கு: அடுத்த லோடு வெங்காயத்துக்கு அபிஜானில் எந்தப் பணத்தை வாங்குவது, கல்மியில் அதை யார் மாற்றித் தருவார்கள்?