பாவம் ஒரு பக்கம், பழி ஸ்பின்னக்கர் மடிச்சவன் பக்கம்

பந்தயப் படகோட முன்னாடி பலூன் மாதிரி விரியிற பெரிய பாய்தான் ஸ்பின்னக்கர். அது மேலே போய் நடுவில் முறுக்கிக்கிட்டு உடுக்கை மாதிரி நின்னுச்சுன்னா போதும், சுக்கான் பக்கமிருந்து ஒரே கத்தல்: "எவன்யா இதை பேக் பண்ணது?"

எவன் பண்ணான்னு கேக்கறீங்களே, எங்கே உட்கார்ந்து பண்ணான்னு கேட்டீங்களா? 1826 முதல் கவுஸ் பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கிற இங்கிலாந்தின் சோலன்ட் நீரிணையையே எடுத்துக்குவோம். காற்று ஒரு திசை, நீரோட்டம் எதிர்த்திசைன்னா அலை குட்டையா, செங்குத்தா வந்து மோதும். படகு சாய்ஞ்சு ஓடுது. கீழே கேபினில் டீசல் வாடை. கையில் நனைஞ்ச நைலான். நாற்பதடிப் படகுன்னா ஆயிரம் சதுர அடிக்கு மேல், ரெண்டு பெட்ரூம் வீட்டுத் தரை அளவு!

அதில் தலை மூலையைத் தேடிப் பிடிக்கணும். அங்கேயிருந்து சிவப்பு ஓரத்தைக் கீழ் மூலை வரை கையால் உருவணும். திரும்பத் தலைக்கு வந்து பச்சை ஓரம். ரெண்டும் குறுக்கே விழலைன்னு தெரிஞ்ச பிறகுதான் வயிற்றுப் பகுதியைப் பையில் திணிக்கலாம். மூணு மூலையும் தனித்தனியா வெளியே நிக்கணும். காற்று பலம்னா, பாய் மேலே போனதும் அறுந்து விரிய விடற மாதிரி இடையிடையே கம்பளி நூல் கட்டணும். அதையும் ரெண்டு சுற்று சுத்திட்டா அறாது, பாய் சுருட்டி வச்ச கோரைப்பாய் மாதிரியே தொங்கும்.

இவ்வளவும் சரியாப் பண்ணாலும் முறுக்கும் சாமி! பாயை மேலே ஏத்துற கயிறான ஹல்யார்டை இழுக்கிறவர் பாதியில் மூச்சு வாங்கினா, பாதி உயரத்திலேயே பாய் காற்றைப் பிடிச்சுச் சுழலும். மூலையை வெளியே தள்ளிப் பிடிக்கிற கம்பான போல் நுனிக்கு மூலையை முன்கூட்டியே இழுக்கலைன்னா ரெண்டு கீழ் மூலையும் ஒட்டி நின்னு சுத்திக்கும். தலையிலிருக்கிற சுழல் கொக்கியில் உப்பு ஏறி இறுகியிருந்தா, விழுந்த முறுக்கு தானா அவிழாது. நல்ல தண்ணியில் அதைக் கழுவற பழக்கம் யாருக்கு இருக்கு?

முறுக்கினதும் கயிறு இழுக்கிற உருளையான வின்ச்சைப் போட்டு இறுக்குறது அதைவிடக் கொடுமை. இறுக்க இறுக்க முடிச்சாகும். ஹல்யார்டைக் கொஞ்சம் தளர்த்தி, கீழ் மூலைகளைப் பிரிச்சு, ஓரத்தைக் கீழ்நோக்கி வெடுக்குன்னு இழுத்துப் பாருங்க. அசையலையா, இறக்கிட்டு மறுபடி ஏத்துங்க.

இறக்கும்போதாவது ஒரு ஓரத்தைப் பிடிச்சு வரிசையா கேபினுக்குள் விடுங்கய்யா. குப்பை மாதிரி தள்ளிட்டு, தண்ணி பாட்டில் எடுக்க அது மேலேயே மிதிச்சுக்கிட்டு வர்றீங்க. பந்தயப் பாதையில் அடுத்த மிதவைக்கு எட்டு நிமிஷம்தான் இருக்கு, அந்தப் பச்சை மூலை மேலிருந்து முதல்ல காலை எடுங்க!