ரீப்ரோ வேறு, போலி வேறு

நேற்று நம் பொம்மை சேகரிப்பாளர் குழுவில் ஒரு தம்பி போட்ட பழைய மேட் மேசன் விண்வெளி வீரன் பொம்மையின் படத்துக்குக் கீழே நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள், முழுவதும் திரும்பச் சொல்லப்போவதில்லை. உடம்பு அசல், ஹெல்மெட் ரீப்ரோ, அதாவது அசலைப் பார்த்துப் புதிதாகச் செய்த நகல் என்று அந்தத் தம்பி முதல் வரியிலேயே எழுதியிருந்தான். அதன் பிறகும் "போலி, போலி" என்று வரிசையாக வந்து எழுதினீர்கள். அவன் படத்தையே எடுத்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ரீப்ரோ என்று சொல்லி வைத்திருந்தால் அது ரீப்ரோ. அதையே அசல் என்று சொல்லி விற்றால் போலி. இதைப் புரிந்துகொள்ள எத்தனை வருடம் சேகரித்திருக்க வேண்டும்?

மேட்டல் என்ற அமெரிக்க பொம்மை நிறுவனம் 1966-ல் கொண்டுவந்த ஆறங்குலப் பொம்மை மேஜர் மேட் மேசன். உள்ளே கம்பி, மேலே ரப்பர் மாதிரி மெத்தென்ற உடம்பு. பிள்ளைகள் மடக்கி விளையாடத்தான் அப்படிச் செய்தார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைந்த கம்பி ஒருநாள் ஒடியும். முழங்கையிலும் முழங்காலிலும் ஒடிந்த முனை உள்ளிருந்தே உடம்பைக் குத்திக்கொண்டு வெளியே வரும். மூட்டு மடிப்பில் பூசிய கறுப்பு பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிரும். ஹெல்மெட் கழற்றி மாட்டுவது என்பதால் முதலில் தொலைந்ததும் அதுதான். அவனுடைய கூட்டாளிப் பொம்மைகளான மஞ்சள் உடுப்பு டக் டேவிஸ், நீல உடுப்பு ஜெஃப் லாங் எல்லாருக்கும் இதே கதிதான். ஹெல்மெட் இல்லாத விண்வெளி வீரனை அப்படியே மொட்டைத் தலையோடு அலமாரியில் நிறுத்த வேண்டும் என்கிறீர்களா?

"நாளைக்கு இதையே இன்னொருவன் அசல் என்று விற்பானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நகல் ஹெல்மெட்டை வார்க்கும்போதே அடையாளம் போடுங்கள். அசல் ஹெல்மெட்டின் உட்பக்கம் மெழுகில் சின்னதாக ஓர் எழுத்துச் செய்து ஒட்டிவிட்டு, அச்சு எடுக்க அதன் மேல் சிலிக்கோன் ஊற்றுங்கள். அச்சில் அது பள்ளமாகப் பதியும், பிறகு வருகிற ஒவ்வொரு வார்ப்பிலும் எழுத்து புடைத்து நிற்கும். அசலில் ஒரு கீறல்கூட விழாது, மெழுகை நகத்தால் எடுத்துவிடலாம். மெழுகுக்குப் பதில் களிமண் வைத்தால் அதில் கந்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். கந்தகம் பட்ட இடத்தில் பிளாட்டினம் வகை சிலிக்கோன் உறையாமல் பிசுபிசுவென்று நிற்கும், அச்சே வீண்.

அடையாளம் போடாத வார்ப்பையும் கண்டுபிடிக்கலாம். அச்சில் ஊற்றும் ரெசின் என்ற பிளாஸ்டிக் திரவம் உறையும்போது கொஞ்சம் சுருங்கும். வார்ப்பிலிருந்து இன்னொரு வார்ப்பு எடுத்தால் மேலும் சுருங்கும். வெர்னியர் அளவுகோல் வைத்து வாய் விளிம்பின் விட்டத்தை ஒரு நல்ல அசலோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். மூலைகள் மழுங்கியிருக்கும், உட்பக்கம் ஊசிமுனைக் குமிழிகள் இருக்கும். சுருங்கிய ஹெல்மெட்டை அழுத்தித் திணிக்காதீர்கள், அசல் கழுத்துதான் கிழியும். உள்விளிம்பை 400-ஆம் நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

"விலை குறைந்துவிடும்" என்றார் ஒருவர். குறையட்டும்.

"அசலுக்கு மரியாதை இல்லை" என்றும் எழுதியிருந்தீர்கள். இதுதான் ரொம்ப வலித்தது. மெல் பர்ன்கிராண்ட் வடிவமைத்து, கலர்ஃபார்ம்ஸ் நிறுவனம் 1968-ல் வெளியிட்ட அவுட்டர் ஸ்பேஸ் மென் என்ற வேற்றுக்கிரகவாசிப் பொம்மைகள் ஏழு பேர். 2010-ல் ஃபோர் ஹார்ஸ்மென் என்ற பொம்மை வடிவமைப்புக் குழு அவர்களை மறுபடி கொண்டுவந்தபோது, அளவில் சின்னதாக, கம்பிக்குப் பதில் மூட்டு வைத்துச் செய்தார்கள். ஹாஸ்ப்ரோ நிறுவனமே தன்னுடைய பழைய ஜி.ஐ. ஜோ என்ற படைவீரன் பொம்மையை நாற்பதாவது ஆண்டுக்கு மறுபதிப்பு போட்டது. அப்போது மரியாதை குறைந்துவிட்டதா? அந்த ஜி.ஐ. ஜோவின் வலது கன்னத் தழும்பும், வலது கட்டைவிரலில் தப்பான பக்கம் இருக்கும் நகமும் காப்பியடிப்பவனைப் பிடிக்க உதவியவை. அடையாளம் வைப்பது நமக்குப் புதிய யோசனையே இல்லை, அந்தக் காலத்துப் பொம்மையிலேயே இருக்கிறது.

ஒடிந்த மேசன்கள் என் மேஜைக்கு வருவதுண்டு. பாதிக்கு மேல் ஒடிந்ததால் கெட்டவை இல்லை, தப்பாகச் சரிசெய்யப்பட்டதால் கெட்டவை. மூட்டில் சூப்பர் க்ளூ விட்டிருப்பார்கள். அது கண்ணாடி மாதிரி இறுகி, அடுத்த மடக்கிலேயே பக்கத்துச் சதையையும் சேர்த்துப் பிளக்கும். சாதாரண அக்ரிலிக் பூசியிருப்பார்கள், அதுவும் வெடிக்கும். வளைகிற வினைல் பெயிண்ட்தான் வேண்டும். கம்பி மாற்றும்போது தடித்த ஒற்றைக் கம்பி வேண்டாம், மெல்லிய இரண்டை முறுக்கிப் போடுங்கள், முனையை வளையமாகச் சுருட்டுங்கள். மெத்தென்ற வினைல் பொம்மையைக் கெட்டி பிளாஸ்டிக் வண்டியில் உட்காரவைத்து மூடி வைக்காதீர்கள். வினைலிலிருந்து கசியும் எண்ணெய் கெட்டி பிளாஸ்டிக்கை உருக்கித் தடம் பதிக்கும். இதையெல்லாம் முதலில் ஒரு ரீப்ரோவில் செய்து பழகாமல் நேரே அசலில் கைவைக்கச் சொல்கிறீர்களா? அசலைக் காப்பாற்றுவதே ரீப்ரோதான் ஐயா.

பொம்மையைக் கடையிலிருந்து வந்த அட்டையிலிருந்து பிரிக்காமல் வைத்திருப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பிரித்து, கையில் எடுத்து, தொலைந்ததைச் செய்து மாட்டி, செய்ததையும் ஒளிக்காமல் சொன்ன ஒரு பையனைப் பார்த்து, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும் நாம் சிரித்தோம். உண்மையை மறைத்திருந்தால் நேற்று எல்லாரும் இதயம் போட்டிருப்போம். அடுத்த பையன் வாயைத் திறப்பானா?

தம்பி, இதைப் படித்தால் படத்தைத் திரும்பப் போடு. உன் ஹெல்மெட்டின் வைசர், அதாவது முகத்தை மூடும் கண்ணாடி, இடது பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அதை மாட்டும் முளைக்குழி அரை மில்லிமீட்டர் மேலே விழுந்திருக்கும். அடைத்துவிட்டுப் புதிதாகத் துளை போடு. அசலின் அளவுகளை இன்று இரவு உனக்கு அனுப்புகிறேன்.