ஆர்ச்சர்2 பயிற்சிக்குப் பயனர் கணக்கு தேவையா?

ஆர்ச்சர்2 மீத்திறன் கணினியில் ஏற்கெனவே பயனர் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும்தான் அதன் பயிற்சி வகுப்புகளில் இடம் கிடைக்கும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது அப்படி இல்லை.

பிரிட்டனின் தேசிய மீத்திறன் கணினியான ஆர்ச்சர்2-ஐ எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணிப்பு மையமான ஈபிசிசி நடத்துகிறது. பயிற்சி வகுப்புகளும் அவர்களுடையவைதான். கல்வித்துறையில் இருப்பவர்களுக்கு அவை இலவசம். எம்பிஐ, ஓபன்எம்பி போன்ற இணைநிலை நிரலாக்க (ஒரு வேலையைப் பல செயலிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்) முறைகளைக் கற்றுத்தரும் செய்முறை வகுப்புகளுக்கு வருபவர்களிடம் கணக்கு இல்லையென்றால், பயிற்சிக்காகத் தற்காலிகக் கணக்கு தருவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்ச்சர்2-ஐப் பயன்படுத்தத் தெரியுமா என்று பார்க்க, 'டிரைவிங் டெஸ்ட்' என்று இணையவழித் தேர்வு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் தேறும் பிரிட்டன் ஆய்வாளர்கள், பெரிய திட்டம் எதுவும் கையில் இல்லாமலேயே, அந்தக் கணினியில் சிறிதளவு பயன்பாட்டு நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கணக்கு இல்லாதவர்களை உள்ளே கொண்டுவரத்தான் இந்த ஏற்பாடே.

சரி, என் சொல்லை நம்ப வேண்டாம். ஆர்ச்சர்2 தளத்தில் பயிற்சிப் பக்கத்தைத் திறந்து, ஏதாவது ஒரு வகுப்பின் அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். யார் சேரலாம், முன்தேவை என்ன, கட்டணம் உண்டா என்பது அங்கேயே இருக்கும். முந்தைய வகுப்புகளின் பாடப் பொருள்களையும் அதே தளத்தில் உள்நுழையாமலேயே படிக்கலாம். முதல் ஆண்டு ஆய்வு மாணவர்கள் யாராவது மேலே அவர் எழுதியதைப் படித்துவிட்டு விண்ணப்பிக்காமல் விட்டுவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.